எழுதியது நீதானா?

வால்டேரை ஏமாற்றுவது சுலபமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் அவர் பெரிய வஸ்தாது. ராஜாவையும் விடமாட்டார், பாதிரியாரையும் விடமாட்டார். யார் எதைச் சொன்னாலும் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்கிற பேர்வழி. அப்பேர்ப்பட்டவரையே ஒரு புத்தகம் கவிழ்த்துவிட்டது. அந்தப் புத்தகத்தின் குட்டு உடைந்த இடம், நம்ம புதுச்சேரி.

1760-ம் வருடம். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் குடியிருந்த வால்டேருக்கு ஒரு கையெழுத்துப் பிரதி வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் மொதாவ் என்கிற பிரபு. இந்தியாவில் பிரெஞ்சுப் படையில் அதிகாரியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பிரதியின் பெயர் 'எசூர் வேதம்'. யஜுர் என்பதைத்தான் பிரெஞ்சு நாக்கு அப்படிச் சுருட்டிவிட்டது.

உள்ளே இரண்டு முனிவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் புராணக் கதைகளை எடுத்துவிடுகிறார். மற்றவர் அதையெல்லாம் மறுத்து, கடவுள் ஒருவரே, சிலை வணக்கம் தப்பு என்று பாடம் எடுக்கிறார். வால்டேருக்குத் தலைகால் புரியவில்லை. அலெக்சாண்டர் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட நூல் இது என்று நம்பினார். ஸ்ரீரங்கம் கோயிலின் தலைமை அர்ச்சகர் ஒருவர்தான் இதைப் பிரெஞ்சில் பெயர்த்தார் என்றும் நம்பினார். 'ஒரே கடவுள் என்பது உங்கள் சர்ச் கண்டுபிடித்த விஷயமில்லை, இந்தியாவில் அதற்கு முன்பே இருந்தது' என்று பாதிரியார்களின் தலையில் குட்ட, அருமையான சுத்தியல் கிடைத்துவிட்டது. 1761-ல் பிரதியைக் கொண்டுபோய் பிரெஞ்சு ராஜாவின் நூலகத்தில் பத்திரமாகச் சேர்த்தார்.

அதே 1761-ம் வருடம் ஜனவரியில்தான் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். பிடித்ததோடு விடாமல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊர் போய்விட்டது, 'வேதம்' மட்டும் பாரிசில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. 1778-ல் அச்சிலும் வந்துவிட்டது.

நான்கே வருடம். இந்தியாவைச் சுற்றிப் பார்த்த சொன்னரா என்கிற பிரெஞ்சுப் பயணி, 1782-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் போட்டு உடைத்தார். இது வேதமும் இல்லை, கீதமும் இல்லை. ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் மதவாதத்துக்காக எழுதிய புத்தகம் என்றார்.

யோசித்துப் பாருங்கள். பாதிரியார்களை அடிக்க வால்டேர் தூக்கிய சுத்தியலே பாதிரியார் வீட்டுச் சுத்தியல்!

ஆனால், சொன்னரா சொன்னது ஒரு கருத்து. ஆதாரம்? அதற்கு இன்னும் 40 வருடம் ஆனது. கொண்டுவந்தவர் நமக்குத் தெரிந்த மனிதர். திருக்குறளை இங்கிலீஷில் பெயர்க்க ஆரம்பித்தாரே, சென்னையில் கலெக்டராக இருந்த எல்லீஸ் துரை, அவரேதான். புதுச்சேரியில் கத்தோலிக்க மிஷனரிகளிடம் இருந்த கையெழுத்துப் பிரதிகளை அவர் பார்த்தார். எசூர் வேதம் அங்கே இருந்தது. அது மட்டுமா? மற்ற வேதங்களுக்கும் இதே மாதிரி நகல்கள். ரோமன் எழுத்தில் சமஸ்கிருதம், கூடவே பிரெஞ்சு. எல்லீஸ் 1819-ல் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். அவருடைய கட்டுரை 1822-ல் கல்கத்தாவில் வெளியான 'ஏசியாடிக் ரிசர்ச்சஸ்' தொகுதியில் வந்தது. கதை முடிந்தது. நூல் போலி என்பதில் அதற்குப் பிறகு பெரிய சண்டை இல்லை.

ஆனால், கட்டுரையில் எல்லீஸ் இன்னொன்றும் சொன்னார். இதை எழுதியவர் ராபர்ட் டி நொபிலி. மதுரையில் காவி கட்டி வாழ்ந்த இத்தாலியப் பாதிரியார். 1656-லேயே காலமாகிவிட்டவர். இன்றைய ஆய்வாளர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. 1984-ல் லூடோ ரோஷே என்ற அறிஞர் எசூர் வேதத்துக்கென்றே தனிப் புத்தகம் போட்டு அலசினார். நொபிலி இல்லை என்பது தெளிவானது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார்களில் யாரோ ஒருவர். அந்த ஒருவர் யார் என்பதில் இன்றுவரை ஏகமனதான முடிவு இல்லை.

இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த எழுத்து போலி' என்பது ஒன்று. 'இதைச் செய்தது இன்னார்' என்பது வேறு. முதலாவதைச் சரியாகச் சொன்ன மகா மேதாவி, இரண்டாவதில் செத்துப்போன ஒரு மனிதர் தலையில் பழியைத் தூக்கி வைத்துவிட்டார்.

*

எதற்கு இந்தப் பழங்கதை என்கிறீர்களா? வாருங்கள், ரெட்டியார்பாளையத்துக்குப் போகலாம்.

இந்திரா காந்தி சிலையிலிருந்து விழுப்புரம் ரோட்டில் மூலக்குளம் பக்கமாக வந்தால் எங்கள் ஏரியா. இங்கே ஒரு வீட்டில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வீட்டில் முதல் பட்டதாரி. இப்போது எம்.காம். ப்ராஜெக்ட் எழுதுகிறாள். மூன்று வாரம் கண் விழித்து, டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி முடிக்கிறாள். சமர்ப்பிக்கிறாள். காலேஜில் அதை ஒரு சாஃப்ட்வேரில் போடுகிறார்கள். பதில் வருகிறது: 'இதில் 70 சதவிகிதம் ஏஐ எழுதியது.'

அந்தப் பெண் என்ன செய்வாள்? அழுவாள். பிறகு தோழி ஒருத்தி காதோடு காதாகச் சொல்வாள். 'அதுக்கு ஒரு வெப்சைட் இருக்குடி. உன் மேட்டரை அதுல போட்டு பட்டனை அமுக்கு. 70 ஜீரோ ஆயிடும்.'

அந்தச் சமாசாரத்துக்கு 'ஹியூமனைசர்' என்று பெயர். எழுத்தை மனிதத்தன்மை கொண்டதாக மாற்றித் தருமாம். மனிதனாக்குகிற மெஷின்! நம் ஊரில் அதற்கு வாத்தியார் என்று ஒருவர் இருந்தார்.

ஆக மொத்தம் மூன்று மெஷின்கள். ஒன்று எழுதுகிறது. இரண்டாவது, 'மெஷின் எழுதியிருக்கு' என்று பிடிக்கிறது. மூன்றாவது, பிடிபடாமல் திருத்தித் தருகிறது. நடுவே மாட்டிக்கொண்டு முழிப்பது மனுஷ ஜென்மம். இந்த மூன்றும் எங்கிருந்து முளைத்தன? அதுதான் இந்த வாரக் கதை.

*

எழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கிற ஆசை பழசு. 1887-ல் மெண்டன்ஹால் என்கிற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஒரு விநோதமான வேலை செய்தார். ஒருவர் எழுத்தில் இரண்டெழுத்து வார்த்தை எத்தனை, மூன்றெழுத்து வார்த்தை எத்தனை என்று எண்ணி, கிராஃப் போட்டார். டிக்கன்சுக்கு ஒரு கோடு, தாக்கரேவுக்கு ஒரு கோடு. ஒவ்வொருவருக்கும் கைரேகை மாதிரி ஒரு நடைரேகை இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

1964-ல் மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியல் நிபுணர்கள் அதைப் பெரிய அளவில் செய்து காட்டினார்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787, 88-ல் புனைபெயரில் வந்த கட்டுரைகள் 85. அதில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா, மேடிசனா என்று ஒரு நீண்ட வழக்கு. இவர்கள் பெரிய பெரிய வார்த்தைகளை விட்டுவிட்டு, பொடி வார்த்தைகளை எண்ணினார்கள். 'அப்பான்' என்ற வார்த்தையை ஹாமில்டன் வாய்க்கு வாய் போடுவார். மேடிசன் அதிகம் தொடமாட்டார். தீர்ப்பு: பன்னிரண்டும் மேடிசன்.

பிரமாதம்தான். ஆனால், ஒரு விஷயம். அங்கே சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டே பேர். இருவரும் எழுதிய மற்ற கட்டுரைகள் கட்டுக்கட்டாகக் கையில் இருந்தன. நம் எம்.காம் பெண்ணின் பழைய எழுத்தை எந்த சாஃப்ட்வேர் படித்துப் பார்த்தது?

இன்றைய கருவிகள் வேறு வழியில் போகின்றன. அதற்கு விதை போட்டவர் கிளாட் ஷானன். 1951-ல் அவர் ஒரு சோதனை வைத்தார். ஒரு வாக்கியத்தைப் பாதி காட்டி, அடுத்த எழுத்து என்ன என்று ஆட்களை யூகிக்கச் சொன்னார். எவ்வளவு சுலபமாக யூகிக்க முடிகிறதோ, அவ்வளவு குறைவாகத்தான் அதில் புதுத் தகவல் இருக்கிறது என்று கணக்குப் போட்டார்.

நீங்களும் ஆடிப் பார்க்கலாம். 'யானை வரும் பின்னே, மணியோசை வரும்...' அடுத்து என்ன? தூக்கத்தில் கேட்டாலும் 'முன்னே' என்பீர்கள். 'யானை வந்து பக்கத்து வீட்டு...' இதற்கு அடுத்து? வாழை மரமா, காம்பவுண்டு சுவரா, கல்யாணமா? சொல்ல முடியாது. முதல் வாக்கியம் எதிர்பார்த்தபடி போகிறது. இரண்டாவது திகைக்க வைக்கிறது.

சாட்ஜிபிடி மாதிரியான ஏஐ எழுதுவது ஏறக்குறைய இந்த விளையாட்டை வைத்துத்தான். அடுத்து வரக்கூடிய வார்த்தை எது என்று கணக்குப் பார்த்துப் பார்த்து அடுக்கும். அதனால் அதன் எழுத்தில் திகைப்பு குறைவு. வாக்கியங்களும் ஒரே உயரத்தில் நிற்கும், ஸ்கூல் பிரேயரில் நிற்கிற மாதிரி. மனுஷன் அப்படியா? நாலு வார்த்தையில் ஒன்று, நாற்பது வார்த்தையில் ஒன்று என்று எழுதித் தள்ளுவான்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. சரியாக ஒரு மாதம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் எட்வர்ட் டியான், புது வருஷ விடுமுறையில் உட்கார்ந்து 'ஜிபிடி ஜீரோ' என்ற கருவியைச் செய்து 2023 ஜனவரியில் இணையத்தில் விட்டார். எழுத்தில் திகைப்பு எவ்வளவு, வாக்கியங்கள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று பார்த்துச் சொல்லும். வாத்தியார்கள் மொய்த்துவிட்டார்கள். அந்த மாத முடிவில் சாட்ஜிபிடியைச் செய்த ஓபன் ஏஐ கம்பெனியே ஒரு கருவியை வெளியிட்டது. ஏப்ரலில், காப்பியடிப்பதைப் பிடிப்பதில் உலகப் புகழ் பெற்ற டர்னிட்டினும் களத்தில் இறங்கியது.

இங்கேதான் வினை ஆரம்பம்.

*

எதிர்பார்த்தபடி எழுதுவது ஏஐ மட்டுமா?

இரண்டாம் மொழியாக இங்கிலீஷ் கற்றவர்கள் எப்படி எழுதுவார்கள்? தெரிந்த வார்த்தையைப் போடுவார்கள். தப்பு வந்துவிடக் கூடாது என்று நேராக, பத்திரமாக வாக்கியம் அமைப்பார்கள். கைடில் படித்த வரிகள் அப்படியே வந்து விழும். திகைப்பு எங்கிருந்து வரும்? மெஷினின் கண்ணுக்கு அந்தப் பெண்ணும் மெஷின்தான்.

இது என் ஊகம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் சோதித்துப் பார்த்தார்கள். 'டோஃபல்' பரீட்சைக்கு வெளிநாட்டு மாணவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள். எல்லாம் மனுஷன் எழுதியவை. கருவிகள் சராசரியாக 61 சதவிகிதத்தை 'ஏஐ எழுதியது' என்றன. 91-ல் 89 கட்டுரைகளை ஏதாவது ஒரு கருவியாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை மட்டும் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டன.

அடுத்து அவர்கள் செய்ததுதான் வேடிக்கை. அதே டோஃபல் கட்டுரைகளை சாட்ஜிபிடியிடம் கொடுத்து, 'கொஞ்சம் ஒய்யாரமான இங்கிலீஷ் வார்த்தைகளைப் போட்டுக் கொடு' என்றார்கள். திரும்பவும் சோதனை. 61 சதவிகிதம் சுமார் 12-க்கு இறங்கிவிட்டது!

புரிகிறதா? சொந்தமாக எழுதினால் மாட்டுவாய். ஏஐயிடம் கொடுத்து மெருகு போட்டால் தப்பிப்பாய். கள்ளச்சாவிக்காரனுக்கு கேட் திறக்கிறது, வீட்டுக்காரன் வெளியே நிற்கிறான்.

இன்னொரு கூத்து. அமெரிக்க அரசியல் சட்டத்தையே கருவியில் போட்டுப் பார்த்தார்கள். 1787-ல் எழுதியது. 'ஏஐ' என்று பதில் வந்தது. எல்லோரும் ஆயிரம் தடவை மேற்கோள் காட்டிய வரிகள் ஏஐக்கு மனப்பாடம். அடுத்த வார்த்தையைச் சுலபமாக யூகித்துவிடுகிறது. அவ்வளவுதான் காரணம்.

காமர்ஸ் படித்தவனிடம் சதவிகிதத்தைக் காட்டினால் சும்மா இருக்கமாட்டான். ஒரு சின்னக் கணக்கு போடலாம், பேப்பர் பேனா எடுங்கள்.

ஓபன் ஏஐ தன் கருவியைப் பற்றி, தானே ஒப்புக்கொண்ட எண்கள் இவை: ஏஐ எழுதியதில் 26 சதவிகிதத்தைத்தான் பிடிக்கும். மனுஷன் எழுதியதில் 9 சதவிகிதத்தைத் தப்பாகப் பிடிக்கும். சரி. ஒரு காலேஜில் 1000 கட்டுரைகள். அதில் 100 ஏஐ எழுதியது, 900 பிள்ளைகள் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-ல் மாட்டுவது 26. தப்புவது 74. 900-ல் அநியாயமாக மாட்டுவது 81. ஆக, பிரின்ஸிபால் ரூம் வாசலில் நிற்கிற 107 பேரில் 81 பேர் நிரபராதிகள். நிஜமாக ஏமாற்றிய 74 பேர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஓபன் ஏஐக்கே இது தாங்கவில்லை. துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் கருவியை வாபஸ் வாங்கிக்கொண்டது.

'இப்போது வருபவை முன்னேறிவிட்டன, தப்பு ஒரு சதவிகிதத்துக்கும் கீழே' என்பார்கள். இருக்கட்டும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தது. 2022-ல் அவர்கள் டர்னிட்டினில் போட்ட கட்டுரைகள் 75,000. அதில் ஒரு சதவிகிதம் என்றால் 750. அத்தனை பேர் மேல் பொய்ப் பழி விழலாம். 2023 ஆகஸ்டில் அந்த ஏஐ கண்டுபிடிப்பு வசதியையே அணைத்துவிட்டார்கள். ஒரு சதவிகிதம் என்பது பேலன்ஸ் ஷீட்டில் தூசு. அந்த ஒன்று நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?

*

சரி, மூன்றாவது மெஷினுக்கு வருவோம். திருத்தித் தருகிற ஆசாமி. இவருடைய பூர்வீகம் ஏஐக்கும் முந்தியது.

முன்பு காப்பியடிப்பதைப் பிடிக்கிற சாஃப்ட்வேர் மட்டும் இருந்தது. அது வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட்டுப் பார்க்கும். தப்பிக்க வழி? வார்த்தையை மாற்று! மாணவர்கள் இணைச்சொல் அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இங்கிலீஷில் ரோஜே என்பவர் 1852-ல் போட்ட இணைச்சொல் அகராதி பிரசித்தம். 2014-ல் லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் கிறிஸ் சாட்லர், விடைத்தாள் ஒன்றில் 'சினிஸ்டர் பட்டக்ஸ்' என்று இருப்பதைப் பார்த்து விழித்தார். அதாவது, 'தீய பிட்டம்'! தோண்டிப் பார்த்தால் அது 'லெஃப்ட் பிஹைண்ட்'. 'பின்தங்கிய' என்று அர்த்தம். வார்த்தை வார்த்தையாக மாற்றியதில் பின்புறம் மட்டும் தங்கிவிட்டது. இந்த வித்தைக்கு 'ரோஜேட்டிங்' என்று பெயர் வைத்தார்.

அகராதி போய் சாஃப்ட்வேர் வந்தது. ஒரு கட்டுரையைப் போட்டால் பத்துக் கட்டுரையாகச் சுழற்றிக் கொடுக்கும். கூகுளை ஏமாற்ற நினைத்த வெப்சைட்காரர்கள் முதலில் வாங்கினார்கள். பிறகு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்கள் வரிசையில் நின்றார்கள்.

நம் நாட்டிலும் ஒரு நிர்ப்பந்தம் வந்தது. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி போட்டது. ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒற்றுமை 10 சதவிகிதம் வரை பரவாயில்லை. 10-லிருந்து 40 வரை என்றால் திருத்தி எழுதிக் கொடு. 40-லிருந்து 60 என்றால் ஒரு வருடம் கழித்து வா. 60-க்கு மேலே போனால் பதிவே ரத்து. நோக்கம் நல்லதுதான். ஆனால், ஒரு எண்ணைக் கதவாக வைத்தால், அந்த எண்ணைக் குறைத்துத் தருகிறவன் வாட்ச்மேன் ஆகிவிடுவான். 'சதவிகிதம் குறைத்துத் தரப்படும்' என்பதே ஒரு தொழில் ஆயிற்று.

2021-ல் பிரான்சின் கீயோம் கபனாக், சிரில் லபே, இவர்களோடு ரஷ்யர் அலெக்சாண்டர் மகாசினோவ், மூன்று பேரும் சேர்ந்து குட்டை உடைத்தார்கள். பெரிய பெரிய அறிவியல் இதழ்களில் அச்சான கட்டுரைகளில் விநோதமான வார்த்தைகள். 'ஆர்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்'. செயற்கை அறிவு போய் கள்ள உணர்வு! 'பிரெஸ்ட் கேன்சர்' என்பதற்கு 'பூசம் பெரில்'. மார்பகப் புற்றுநோய், 'மார்பு ஆபத்து' ஆகிவிட்டது. சிரித்துவிடலாம்தான். ஆனால், நாளைக்கு ஒரு டாக்டர் அந்தக் கட்டுரையைத் தேடினால் கிடைக்குமா? சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்கள் என்று அதற்கு அவர்கள் வைத்த பெயர் மிகப் பொருத்தம்.

2023-க்குப் பிறகு இந்தச் சுழற்றும் கருவிக்கே ஏஐ மூளை வந்துவிட்டது. இப்போதைய 'ஹியூமனைசர்' தீய பிட்டம் மாதிரி உளறாது. வாக்கியங்களை உடைக்கும், சேர்க்கும், எதிர்பாராத வார்த்தையை நடுவே தூவும். திகைப்பைக் கூட்டுவதுதான் வேலை. கண்டுபிடிப்புக் கருவியில் போட்டுப் பார்த்து, 'மனுஷன்' என்று பதில் வரும்வரை திரும்பத் திரும்பத் திருத்துகிற வகையும் உண்டு.

எவ்வளவு தூரம் பலிக்கிறது? 2023-ல் கல்பேஷ் கிருஷ்ணா என்ற ஆய்வாளரும் சகாக்களும் அளந்து பார்த்தார்கள். ஒரு கண்டுபிடிப்புக் கருவி, ஏஐ எழுத்தில் 70 சதவிகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு வார்த்தைகளில் மாற்றி எழுதுகிற ஒரு மென்பொருளில் அதே எழுத்தைப் போட்டு எடுத்தார்கள். 70 என்பது ஐந்துக்கும் கீழே விழுந்துவிட்டது.

கண்டுபிடிப்புக் கம்பெனிகள் விடுமா? திருத்தித் தரும் கருவிகளின் கைவரிசையைப் பிடிக்கிற வசதியை டர்னிட்டின் 2025-ல் கொண்டுவந்தது. அதற்கும் மருந்து வரும். அந்த மருந்துக்கும் மாற்று வரும். பிடிக்கிற கருவி, தப்புகிற கருவி இரண்டையும் ஒரே கடையில் வைத்து விற்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது. நடுவில் மாதச் சந்தா கட்டுகிறவன் மாணவன்.

சரி, நம் ரெட்டியார்பாளையத்துப் பெண் அங்கே தன் கட்டுரையைப் போட்டால் என்ன ஆகும்? அவளே எழுதிய, அவளுக்கே அர்த்தம் தெரிந்த வாக்கியங்கள் போய்விடும். அவளுக்குப் புரியாத வார்த்தைகள் வந்து உட்காரும். இதுவரை அது அவள் எழுத்து, மெஷின் எழுதியது என்று பொய்ப் பழி. இப்போது நிஜமாகவே மெஷின் எழுத்து, 'அவள் எழுதியது' என்று நற்சான்றிதழ். பழி வந்தபோது நிரபராதி. சான்றிதழ் வந்தபோது குற்றவாளி. இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது?

*

வாத்தியார்களைத் திட்டி இந்தக் கதையை முடித்துவிடலாம். சுலபம். ஆனால், நியாயமில்லை. 60 பேர் வகுப்பு, 60 ப்ராஜெக்ட். எல்லாம் ஒரே மாதிரி பளபளப்பு. நிஜமாகவே ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ராப்பகலாக எழுதியவனுக்கும் ராத்திரி பத்து நிமிஷத்தில் பட்டனைத் தட்டியவனுக்கும் ஒரே மார்க் போட்டால், அதுவும் ஒரு துரோகம். அவர்களுக்கு ஏதாவது ஒரு கருவி வேண்டித்தான் இருக்கிறது. சந்தேகப்படுவதற்குக் கருவி உதவட்டும். தீர்ப்பு எழுத அது போதாது.

இங்கே நம் நாட்டிலேயே கோர்ட் வரை போன விஷயம் இது. ஹரியானாவில் ஒரு தனியார் சட்டப் பல்கலைக்கழகம். முதுகலை மாணவர் ஒருவரின் தேர்வு விடைகள் ஏஐ எழுதியவை என்று சொல்லி அவரை ஃபெயிலாக்கிவிட்டார்கள். சட்டம் படித்தவர் சும்மா இருப்பாரா? 2024-ல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். நானே எழுதியது, இல்லை என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். விசாரணை நடக்கும்போதே அவரைப் பாஸ் செய்துவிட்டோம் என்று பல்கலைக்கழகம் சொல்ல, வழக்கு முடிந்தது. அவருக்குச் சட்டம் தெரியும், கோர்ட்டுக்குப் போனார். நம் எம்.காம் பெண் எங்கே போவாள்?

அதற்குத்தான் எல்லீஸ் துரையை மறுபடி கூப்பிடவேண்டியிருக்கிறது. எசூர் வேதத்தை வெறுமனே படித்துப் பார்த்து வால்டேர் 'பழசு' என்றார். சொன்னரா 'புதுசு' என்றார். இரண்டுமே அபிப்பிராயம். எல்லீஸ் என்ன செய்தார்? அந்தப் பிரதி இருந்த அலமாரிக்கே போனார். பக்கத்தில் வேறு என்னென்ன பிரதிகள் இருக்கின்றன, எந்த எழுத்தில், எந்த மொழிகளில் என்று பார்த்தார். எழுத்து பிறந்த இடத்தைப் பார்த்ததால்தான் விஷயம் தீர்ந்தது. யார் எழுதியது என்பதற்கு மட்டும் அந்த அலமாரியில் சாட்சி இல்லை. இல்லாத சாட்சிக்கு ஒரு பெயரை எழுதியபோதுதான் சறுக்கினார்.

மாணவனின் அலமாரி எது? ரஃப் நோட்டு. அடித்துத் திருத்திய முதல் பிரதி. நூலகத்தில் எடுத்த குறிப்பு. சர்வேக்கு நிரப்பி வாங்கிய படிவங்கள். கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் சௌகரியம். கூகுள் டாக்ஸ் மாதிரியானவை, எந்தத் தேதியில் எந்த வரியைச் சேர்த்தாய், எதை அழித்தாய் என்று வரலாறே வைத்திருக்கும். அதற்கு மேல் வைவா. 'மூன்றாவது அத்தியாயத்தில் இந்த முடிவுக்கு எப்படி வந்தே, சொல்லும்மா' என்று ஒரு கேள்வி. தமிழில் கேளுங்கள், தமிழிலேயே சொல்லட்டும். எழுதியவளுக்கு அஞ்சு நிமிஷம் போதும். பட்டனைத் தட்டியவன் அரை மணி நேரம் கொடுத்தாலும் முழிப்பான்.

வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். எழுதும்போது பழைய பிரதி எதையும் அழிக்க வேண்டாம், கசக்கிய பேப்பராக இருந்தாலும் சரி. சதவிகிதம் ஏதாவது வந்து நின்றால், ஹியூமனைசருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், அந்த பிரதிகளோடு நேராக ஆசிரியரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மெஷின் கொடுத்த ரிப்போர்ட்டை அவர் மேஜையின் ஒரு பக்கம் வைக்கட்டும். ரஃப் நோட்டை இன்னொரு பக்கம் வைக்கட்டும். எது சாட்சி என்று பார்க்க அவருக்கும் கண் இருக்கிறது.